மூன்று ஆலைகளும் மனித மனமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாது கூடி வருவது எளிய செயல் அன்று. தொடங்கிய ஆண்டிலேயே ஓய்ந்துபோன அமைப்புகளை நாம் எல்லோரும் அறிவோம். ஓர் அமைப்பு ஏன் நிலைக்கிறது, ஏன் கலைகிறது என்று கேட்கத் தொடங்கினால், அக்கேள்வி நம்மை இலக்கியத்தின் எல்லையிலிருந்து மற்றொரு துறையின் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. அத்துறை உளவியல். மனிதனைத் தனியே நிறுத்திவைத்துப் பாராமல், அவன் பிறரோடு கூடி வாழும்போதும் கூடி உழைக்கும்போதும் அவன் மனம் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்பவை சமூக உளவியலும் நிறுவன உளவியலும். இவை ஏட்டை விட்டு இறங்கி, ஊருக்குள்ளும் தொழிற்கூடத்துக்குள்ளும் நுழைந்து கண்ட உண்மைகள் சிலவற்றை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் ஆலையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். நம் மொழியில் இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்பது ஒன்றே பெயர். பஞ்சு நூலாகும் முறையோடு சொல் நூலாகும் முறையை ஒப்பிட்டுக் காட்டியவர் நன்னூல் செய்த பவணந்தியார். ஆகவே நூற்பவரையும் நெய்பவரையும் பற்றிய பேச்சு இந்த அவைக்கு அயலானது ஆகாது. நான் கூறவிருக்கும் செய்திகள் மூன்று ஆலைகளைச் சார்ந்தவை. ஒன்று ஆஸ்திரியாவில் இருந்த பஞ்சாலை. மற்றொன்று அமெரிக்காவில் இருந்த ஆடைத் தொழிற்சாலை. மூன்றாவது நம் நாட்டின் அகமதாபாத்தில் இருந்த நெசவாலை. முதல் ஆலை மூடப்பட்டது. இரண்டாம் ஆலையில் வேலைமுறை மாற்றப்பட்டது. மூன்றாம் ஆலையில் புதிய தறிகள் வந்து இறங்கின. மூன்று இடங்களிலும் எழுந்த கேள்வி ஒன்றே: உழைப்பிலிருந்து மனிதன் பெறுவது கூலி மட்டும்தானா?

1. ஆலை நின்ற ஊர்

வியன்னா நகருக்குத் தென்கிழக்கே, கிராமட்நாய்சீடல் என்னும் ஊரை ஒட்டி, மாரியந்தால் என்றொரு குடியிருப்பு உண்டு. 1830இல் நிறுவப்பட்ட ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. வேலையும் வீடும் விழாவும் ஆலையைச் சார்ந்தே இருந்தன. 1929ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி, 1930ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள், ஆலையின் பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவ்வூரில் இருந்த 478 குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில், வேலையில் இருப்பவர் ஒருவர்கூட இல்லை என்ற நிலை வந்தது.

வியன்னாவில் அக்காலத்தில் பால் லாசர்ஸ்பெல்டு என்ற இளம் ஆய்வாளர், தொழிலாளரின் ஓய்வுநேரத்தைப் பற்றி ஆராய எண்ணி, சமூக சனநாயகக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஒட்டோ பாவரிடம் கருத்துக் கேட்டார். நாடெங்கும் மக்கள் வேலை இழந்து நிற்கையில் ஓய்வுநேரத்தை ஆராய்வது பொருந்துமா என்று வினவிய பாவர், வேலையின்மையையே ஆராயும்படி கூறினார். அவ்வாறு பிறந்ததே மாரியந்தால் ஆய்வு. லாசர்ஸ்பெல்டு, மரீ யகோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 1931ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூருக்குள் நுழைந்தனர்.

நுழைந்த முறை ஈண்டு நோக்கத்தக்கது. வேடிக்கை பார்க்க வந்தவராகவோ குறிப்பெடுக்க வந்தவராகவோ எவரும் ஊரில் இருத்தல் ஆகாது; ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு பணியின் வழியாகவே மக்களோடு பழக வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு. ஆடைகளைத் திரட்டி வந்து வழங்கினர். இலவச மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தனர். பெண்களுக்குத் துணி வெட்டும் பயிற்சி அளித்தனர். ஒரு மக்கள் கூட்டத்தின் துயரத்தை அறிய விரும்புபவர் முதலில் அவர்களுக்கு ஏதேனும் தர வேண்டும் என்ற இவ்வொழுங்கை எழுத்தாளர்களாகிய நாமும் எண்ணிப் பார்த்தல் நலம்.

வேலையற்றோர் கொதித்து எழுவார்களா, அன்றிச் சோர்ந்து அடங்குவார்களா என்பது அக்காலத்துச் சிந்தனையாளரிடையே நிலவிய பெருவினா. மாரியந்தால் தந்த விடை வருத்தத்துக்குரியது. அங்கு எழுச்சி இல்லை. ஊர் முழுவதும் தளர்ந்து கிடந்தது.

முதலில் நூலகத்தைப் பாருங்கள். தொழிலாளர் நூலகத்தில் நூல் பெறுவதற்கு முன்பு கட்டணம் இருந்தது. ஆலை மூடிய பின் அது நீக்கப்பட்டது. நேரமோ நாள் முழுவதும் இருந்தது. படிப்பு பெருகியிருக்க வேண்டும் என்றுதானே நாம் எண்ணுவோம்? 1929க்கும் 1931க்கும் இடையே இரவல் பெறப்பட்ட நூல்களின் எண்ணிக்கை 49 விழுக்காடு குறைந்தது. தொடர்ந்து வந்த வாசகரும் முன்போல் படிக்கவில்லை. 1929இல் ஒருவருக்குச் சராசரி 3.23 நூல்கள் என்றிருந்தது 1931இல் 1.6 ஆயிற்று. அரசியல் செய்திகளும் கட்டுரைகளும் நிறைந்த நாளிதழுக்கு வேலையற்றோர்க்கெனக் குறைந்த கட்டணம் இருந்தும், அதன் சந்தாதாரர் தொகை ஏறத்தாழ 60 விழுக்காடு வீழ்ந்தது. எளிய பொழுதுபோக்கு நாளிதழின் வீழ்ச்சி அதில் பாதி அளவுகூட இல்லை.

அடுத்து, தெருவைப் பாருங்கள். ஆய்வாளர் ஒருவர் கடிகாரத்தோடு சன்னலருகே நின்று, ஊரின் முதன்மைத் தெருவில் செல்வோரின் நடையைக் கணக்கிட்டார். ஆண்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வழியில் இருமுறையேனும் நின்றனர். நில்லாமல் நடந்து முடித்தவர் பத்தில் ஒருவரே. பெண்களின் நடை ஆண்களின் நடையைவிட ஒன்றரை மடங்கு விரைவாக இருந்தது. காரணம் வெளிப்படை. பெண்களுக்கு ஆலையில் வேலை போயிற்றே அன்றி, அடுப்படியும் கிணற்றடியும் குழந்தையும் போகவில்லை. அவர்கள் இழந்தது கூலியை. ஆண்கள் இழந்தது நாளை. நாள்முழுதும் என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னபோது, எழுந்ததும் உண்டதும் உறங்கியதும் தவிரக் குறிப்பிட ஒன்றுமின்றி ஆண்கள் திகைத்தனர். நூறு ஆண்களைக் கவனித்ததில் 88 பேர் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இன்றி இருந்தனர். அவர்களுள் 31 பேருக்கு வீட்டில் கடிகாரம் இருந்தது. மணி பார்க்கும் தேவை போய்விட்டது.

மூன்றாவதாகக் குழந்தைகள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு என்ன வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் செய்தனர். கேட்ட பொருள்களின் விலையைக் கூட்டிப் பார்த்தபோது, சுற்றுவட்டாரத்து ஊர்களின் பிள்ளை ஒன்றின் ஆசைக்குச் சராசரி 36 ஷில்லிங் ஆகும் என்றால், மாரியந்தால் பிள்ளையின் ஆசைக்கு 12 ஷில்லிங் போதும் என்று தெரிந்தது. அதனினும் துயரமானது அப்பிள்ளைகளின் இலக்கணம். வேண்டும் என்று எழுதவேண்டிய இடத்தில், பெற்றோரிடம் பணம் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பேன் என்னும் வாய்பாட்டில் பலர் எழுதினர். ஆசை எழும்போதே நிபந்தனையோடு எழுந்தது. வினைமுற்று எச்சமாக மாறும் இடத்தில் ஓர் ஊரின் வறுமை தெரிகிறது என்றால், அது கவிஞர்கள் கண்டிருக்க வேண்டிய செய்தி. அதைக் கண்டவர்கள் உளவியலார்.

அவ்வாய்வு குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தது: தளராதவர், விதியென்று அமைந்தவர், துயரத்தில் உழல்பவர், பற்றற்றுப் போனவர். இந்நான்கு மனநிலைகளுக்கும் வருவாய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபோது, ஆள் ஒன்றுக்குக் கணக்கிட்ட மாத வருவாய் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங் எனப் படிப்படியாக இறங்கியது. ஐந்தாறு ஷில்லிங் வேறுபாட்டில் மனத்தின் நிறமே மாறிவிடுகிறது. மன உறுதி ஒருவரது குணத்தைப் பொறுத்தது என்று அறிவுரை கூறுவோர் இவ்வெண்களை மறத்தல் ஆகாது.

இந்நூல் 1933இல் செருமனியில் வெளியாயிற்று. ஆசிரியர்கள் யூதர் ஆதலின் தலைப்புப் பக்கத்தில் அவர்கள் பெயர் இடம்பெறவில்லை. யகோடா 1936இல் ஆஸ்திரிய அரசால் சிறைப்படுத்தப்பட்டு, நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் 1937இல் விடுவிக்கப்பட்டார். இங்கிலாந்தில் குடியேறி, பிற்காலத்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராக விளங்கி, 2001இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1982இல் அவர் எழுதிய நூலில், கூலிக்கு அப்பால் வேலை மனிதனுக்குத் தருபவை ஐந்து என்று வகுத்துரைத்தார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே உறவு, தனி நலத்தைக் கடந்த ஒரு பொதுநோக்கில் பங்கு, சமூகத்தில் ஓர் இடம், இடைவிடாத செயல். வேலை போகும்போது இவ்வைந்தும் ஒருங்கே போகின்றன. உதவித்தொகை வயிற்றை ஓரளவு நிரப்பலாம். இவ்வைந்தையும் அது தருவதில்லை.

இக்கருத்தை அதே ஊர் மீண்டும் ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், கிராமட்நாய்சீடலில் ஓராண்டுக்கு மேல் வேலையற்றிருந்த அனைவர்க்கும், விரும்பினால் ஊதியத்தோடு வேலை உண்டு என்ற உறுதித் திட்டம் தொடங்கப்பட்டு 2024 வரை நடந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தபோது, பங்கேற்றோரின் வருவாயோடு அன்றாட ஒழுங்கும் பிறரோடு பழக்கமும் சமூகத்தில் தமக்கொரு மதிப்பு உண்டென்ற உணர்வும் உயர்ந்திருக்கக் கண்டனர். உடல் நலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்தே கூறினர்.

2. மாற்றத்தை எதிர்த்தவர்கள்

இனி இரண்டாம் ஆலை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்னும் ஊரில், பைஜாமா ஆடைகள் தைக்கும் ஹார்வுட் தொழிற்சாலை இருந்தது. அதன் தலைவர் ஆல்பிரட் மாரோ தாமே உளவியல் பயின்றவர். இட்லரின் ஆட்சியால் செருமனியை விட்டு வந்த பேரறிஞர் குர்ட் லெவின் 1939 முதல் அத்தொழிற்சாலைக்கு ஆலோசனை கூறி வந்தார்.

அங்கு ஒரு சிக்கல். ஆடையின் அமைப்பு மாறும்போதெல்லாம் வேலைமுறையும் மாற வேண்டும். மாற்றப்பட்ட தொழிலாளரின் கைத்திறன் குறைந்துவிடவில்லை, ஆயினும் உற்பத்தி சரியும், முணுமுணுப்பு எழும், பலர் வேலையை விட்டே போய்விடுவர். அவர்களுக்குச் சோம்பல் என்பது மேற்பார்வையாளரின் விளக்கம். லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் இதனைச் சோதித்து, 1948இல் கட்டுரையாக வெளியிட்டனர்.

ஒரு குழுவை அழைத்து, போட்டியின் காரணமாக இன்ன மாற்றம் தேவை, இனி இவ்வாறு செய்க என்று விளக்கிக் கூறி அனுப்பினர். இன்னொரு குழுவில் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க, அப்பிரதிநிதிகளோடு கலந்து புதிய முறையை வகுத்தனர். வேறு இரு சிறு குழுக்களில் அனைவரும் அமர்ந்து பேசி, எதை எப்படி மாற்றலாம் என்று தாமே கருத்துரைத்தனர். மாற்றம் எல்லோர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவானது. அது வந்து சேர்ந்த வழிதான் வேறு.

மணிக்கு 60 உருப்படி என்பது அங்கு வகுத்த அளவு. அறிவிப்பை மட்டும் பெற்ற குழு 50 அளவிலேயே தேங்கி நின்றது; முதல் 40 நாட்களுக்குள் அக்குழுவில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டனர். பிரதிநிதிகள் வழியே கலந்துகொண்ட குழு இரண்டு வாரங்களில் பழைய அளவை எட்டியது. அனைவரும் கூடிப் பேசிய குழுக்கள் மிக விரைவில் மீண்டு, பழைய அளவையும் 14 விழுக்காடு கடந்தன. அக்குழுக்களில் எவரும் வேலையை விட்டுப் போகவில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். முதற்குழுவினர் இயல்பிலேயே பிடிவாதக்காரர்களோ? இரண்டரை மாதங்களுக்குப் பின், அக்குழுவில் எஞ்சிய 13 பேரையும் மற்றொரு வேலைக்கு மாற்றினர். இம்முறை அவர்களையும் கூட்டி வைத்துப் பேசி முடிவெடுத்தனர். அதே மனிதர்கள் விரைந்து மீண்டு பழைய அளவைக் கடந்தனர். எதிர்ப்பு அவர்கள் குணத்தில் இல்லை. அவர்களை நடத்திய முறையில் இருந்தது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம் முன்னோர் கூறியதை வடம் பிடிக்கும் கைகளின் எண்ணிக்கையைப் பற்றியதாகவே நாம் கொள்கிறோம். தேர் என்று ஓடவேண்டும், எத்தெரு வழியே ஓடவேண்டும் என்று முடிவு செய்வதிலும் ஊருக்குப் பங்கு வேண்டும் என்பது ஹார்வுட் தரும் விளக்கம்.

3. அகமதாபாத்தின் தறிக்கூடம்

மூன்றாம் ஆலை நம் நாட்டது. காலிகோ என்னும் துணிப்பெயர் கள்ளிக்கோட்டையிலிருந்து ஐரோப்பியர் வாய்க்குச் சென்ற சொல். அப்பெயரைத் தாங்கிய அகமதாபாத் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் கௌதம் சாராபாய். 1952இல் அந்நிறுவனத்தின் ஜூபிலி ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. விலை மிக்க புதிய பொறிகள். ஆயினும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. துணியில் பழுதும் மிகுந்தது. இலண்டனில் இருந்த தாவிஸ்டாக் மனித உறவு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அங்கு வந்து ஆராய்ந்தார்.

கூடத்தில் 224 தறிகள். அவற்றைக் கவனிக்க 29 தொழிலாளர். வேலை பன்னிரு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெசவாளி, தார் நிரப்புபவர், அறுந்த பாவைச் சீர்செய்பவர், தறியை முடுக்கும் மேஸ்திரி, எண்ணெய் இடுபவர், கூட்டுபவர் என ஒவ்வொருவரும் தத்தம் வேலையை மட்டுமே பார்த்தனர். ஒவ்வொருவர் பொறுப்பிலும் இருந்த தறிகளின் எண்ணிக்கையும் வெவ்வேறு. நெசவாளி ஒருவருக்கு 24 அல்லது 32. தார் நிரப்புபவருக்கு 40 முதல் 50. மேஸ்திரி ஒருவருக்கு 112. விளைவு என்ன? ஒரு தறி நின்றால் அதனை ஓட்டப் பலர் உதவி தேவை. அந்தப் பலருள் எவரும் அதைத் தம் தறி என்று கருத இயலாது. பொறி ஒன்றோடொன்று இணைந்திருந்தது. மனிதர் பிரிந்து நின்றனர்.

ரைஸ் கூறிய யோசனை எளியது. குறிப்பிட்ட தொகுதித் தறிகளுக்கு ஒரு சிறு குழுவே முழுப்பொறுப்பு ஏற்கட்டும்; வேலையைத் தமக்குள் அவர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும். 64 தறிகளுக்கு ஏழு பேர் என்று கணக்கிடப்பட்டது. இந்த யோசனை தொழிலாளரிடம் எட்டியதும், மேலிருந்து ஆணை வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தாமே கூடிப் பேசித் தம்முள் யார் யார் எந்தக் குழு என்று வகுத்துக்கொண்டனர். தொழிலாளரின் அறிவை ஐயுற்றிருந்தோர் வியந்தனர். 1953இல் நடந்த இம்மாற்றத்துக்குப் பின், தொடக்கத் தடுமாற்றங்கள் நீங்கியதும், தறிகளின் செயல்திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95க்கு உயர்ந்தது. பழுது 32 விழுக்காட்டிலிருந்து 20க்குத் தாழ்ந்தது. 1958இல் ரைஸ் இதனை நூலாக எழுதினார்.

இக்கதையின் பிற்பகுதியையும் கூறாவிடில் உண்மை பாதியாகிவிடும். 1970இல் எரிக் மில்லர் அதே தறிக்கூடங்களுக்குச் சென்று பார்த்தார். ஒரு பகுதியில் குழுமுறை உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தேய்ந்து, பழைய தனித்தனி வேலைமுறை திரும்பியிருந்தது. புதிய துணிவகைகளும் சந்தை நெருக்கடியும் வந்தபோது, குழுவைக் காக்கும் அக்கறை குறைந்தது. அதன்பின் 1980களிலும் 1990களிலும் அகமதாபாத்தின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டுப் பல்லாயிரவர் வேலை இழந்தனர். டச்சு அறிஞர் யான் பிரேமன் அம்மக்களின் வாழ்வை ஆராய்ந்து 2004இல் நூல் எழுதினார். மாரியந்தாலின் நிழல் சபர்மதிக் கரையிலும் விழுந்தது. எத்துணை நல்ல வேலைமுறையும், வேலையே இல்லாத நாளில் பயன்படாது.

4. சில ஐயங்கள்

இத்தகைய ஆய்வுகளைப் பற்றிக் கேட்போர் உள்ளத்தில் ஐயம் எழுவது முறையே. உழைப்பாளியை இன்னும் கொஞ்சம் கசக்கிப் பிழிய முதலாளிக்குக் கிடைத்த புதிய கருவிதானே இது என்று தோழர்கள் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. பேசவிட்டதுபோல் பாவனை செய்து, முன்பே எடுத்த முடிவைத் தொழிலாளர் வாயாலேயே சொல்ல வைக்கும் தந்திரமாகக் கலந்துரையாடல் மாறிவிடக் கூடும். 1960இல் நார்வே நாட்டுக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் ஹார்வுட் சோதனையைப் போன்ற ஒன்றைச் செய்து பார்த்தபோது உற்பத்தியில் வேறுபாடு காணப்படவில்லை. அங்கு தொழிலாளரிடம் விடப்பட்ட முடிவுகள் சிறியவை. தங்களுக்காகப் பேசும் உரிமை தொழிற்சங்கத்துக்கே உண்டு என்றும் பலர் எண்ணினர். கலந்துபேசுதல் மந்திரம் அன்று என்பதும், பேசுவோர்க்கு மெய்யான அதிகாரம் இருந்தால்தான் பேச்சு பலிக்கும் என்பதும் இதனால் புலனாகின்றன.

எனினும் கருவி பிறர் கையில் இருக்கிறது என்பதற்காக அறிவை வெறுத்தல் ஆகாது. உழைப்பாளியின் சோம்பல் என்று சொல்லப்பட்டதைச் சோம்பல் அன்று என நிறுவிக் காட்டியது இந்த அறிவே. வேலையற்றவன் ஓய்வை அனுபவிக்கிறான் என்ற பழிச்சொல்லைக் கடிகாரத்தோடு நின்று மறுத்ததும் இதுவே.

5. நம் வட்டத்துக்கு

நிறைவாக, கவிஞர்களாகிய நமக்கு இவற்றிலிருந்து கிடைப்பது யாது?

பசியைப் பாடாத மொழி அன்று நம் மொழி. தம் இல்லத்து வறுமையைக் குழந்தையின் முகத்தில் கண்டு பாடிய பெருஞ்சித்திரனாரும், பசியைப் பிணியெனக் கண்ட மணிமேகலையும் நம் செல்வங்கள். ஆனால் அண்மைக் காலக் கவிதைகளில் ஒரு வாய்பாடு படிந்துவிட்டது. ஏழை கவிதையின் தொடக்கத்தில் பசித்திருப்பான். முடிவில் தீப்பந்தம் ஏந்தி எழுவான். எழ வேண்டும் என்ற நம் ஆவலில் பிழை இல்லை. மாரியந்தால் ஆய்வாளர்களும் சமதர்மத்தை நம்பியவர்களே. தம் நம்பிக்கைக்கு உவப்பில்லாத விடை கிடைத்தபோது அதை மறைக்காமல் எழுதியது அவர்கள் நேர்மை. வறுமை நீடித்தால் மனிதன் எழுவதற்கு முன் அவன் ஆசை சுருங்குகிறது, நடை தளர்கிறது, படிப்பு நிற்கிறது. அந்தச் சுருக்கத்தைப் பாடாமல் எழுச்சியை மட்டும் பாடினால், நாம் யாருக்காகப் பாடுகிறோமோ அவர்களே நம் கவிதையில் தம்மைக் காணமாட்டார்கள்.

நம் அவை நடைமுறைக்கும் ஒரு செய்தி உண்டு. 1950களில் சாலமன் ஆஷ் என்ற அறிஞர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். உடன் இருந்தோர் அனைவரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையைக் கூற, உண்மையறியாத ஒருவர் மட்டும் இறுதியில் விடை சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த உண்மையை விட்டுவிட்டுப் பெரும்பான்மையோடு இசைந்த விடைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அவையில் வேறு ஒருவர், ஒரே ஒருவர், உண்மையைச் சொல்லிவிட்டால் அவ்வாறு இசைவது மிகவும் குறைந்துபோயிற்று. கவியரங்குகளில் மூத்தோர் தலையசைத்த பின் இளையோர் மாற்றுக் கருத்தை விழுங்கிக்கொள்வதை நாம் அறிவோம். மூத்தோர் இறுதியில் பேசுவது என்றொரு சிறு மரபை ஏற்படுத்தினால், பல நல்ல திறனாய்வுகள் பிறக்கக் கூடும்.

இறுதியாக, என் உரையையே குறைத்து மதிப்பிடச் செய்யும் ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இறைச்சித் தட்டுப்பாட்டின்போது, வழக்கமாக உண்ணாத உள்ளுறுப்பு இறைச்சியைச் சமைக்க இல்லத்தரசிகளை இணங்கச் செய்யும் பணி லெவினிடம் வந்தது. சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. வேறு சில குழுக்களைத் தமக்குள் பேசி, கை உயர்த்தி முடிவு செய்யும்படி விட்டனர். பின்னர் வினவியபோது, சொற்பொழிவு கேட்டவர்களுள் அதனைச் சமைத்தவர் 3 விழுக்காடு; பேசி முடிவெடுத்தவர்களுள் 32 விழுக்காடு.

ஆகவே என் உரை உங்களுள் நூற்றுக்கு மூவரை மட்டும் அசைத்தால் நான் வியப்படைய மாட்டேன். அசைய வேண்டிய மற்றவர்களுக்காக ஒரு விண்ணப்பம். இன்று இந்த அவை கலைவதற்குமுன் அரைமணி நேரம் வட்டமாக அமர்வோம். நம் ஊரில் வேலை இழந்தவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், நூலகத்துக்கு வந்துகொண்டிருந்து வாராமல் போனவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிப் பேசுவோம். இரக்கப்பட்டு ஒரு கவிதை எழுதுவதோடு நில்லாமல், வட்டத்தின் வேலைகளில் ஒன்றை, ஏடு தொகுத்தலோ மெய்ப்புத் திருத்தலோ நூலடுக்குப் பொறுப்போ, கிழமைக்கு ஒரு குறித்த நாளில் குறித்த நேரத்தில் செய்யும்படி அவர்களை அழைப்போம். கூலிக்கு அது ஈடாகாது. யகோடா கூறிய ஐந்தில் இரண்டு மூன்றையேனும் நம்மால் தர இயலும். அதை யார் செய்வது, எப்போது தொடங்குவது என்பதைச் செயற்குழு முடிவு செய்ய வேண்டாம். இங்கு வந்திருப்போர் அனைவரும் கை உயர்த்தி முடிவு செய்யுங்கள்.